ஷெல்பியின் பிக்கப்பில் எட்டுத் துளைகள்

ஓரின் தொலைபேசியில் கேட்டது ஒரே ஓர் உதவி. ஞாயிற்றுக்கிழமை காலை அறுவடைக் குழு டெக்சஸுக்குப் புறப்படுகிறது. சமையல் வண்டியை எம்மெட் இழுத்து வர வேண்டும்.

"புதுசா நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஷெல்பி பிக்கப்புலதான் ஹிட்ச் இருக்கே. ரிவர்ஸ்ல வந்து மாட்டிக்கிட்டா முடிஞ்சுது," என்றார்.

எம்மெட் சரி என்றான். சரி என்று சொல்லும்போதே, பிக்கப்பில் ஹிட்ச் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஓரின் அவனுடைய மாமனார். நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் அவருக்கு வீடு இருந்தாலும் வருடத்தில் நான்கு மாதம் அது பூட்டித்தான் கிடக்கும். மே மாதம் டெக்சஸில் கோதுமை முற்றும். அங்கே தொடங்கி, பயிர் பழுக்கப் பழுக்க வடக்கே ஏறி, ஆகஸ்டில் கனடா எல்லைக்குப் பக்கத்தில் கடைசி வயலை அறுத்துவிட்டுத் திரும்புவார். மூன்று அறுவடை இயந்திரங்கள், நான்கு லாரிகள், பதினொரு ஆட்கள். அத்தனை பேருக்கும் ஆக்கிப் போடத்தான் அந்த முப்பத்திரண்டு அடி நீளச் சமையல் வண்டி. அதற்கு எஞ்சின் கிடையாது. அதன் கழுத்து பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலே நீண்டு வந்து, தொட்டியின் நடுவில் பொருத்திய இரும்புத் தாடையில் கவ்வி உட்காரும். அந்தத் தாடைதான் ஹிட்ச். அது இல்லாத பிக்கப் சமையல் வண்டிக்கு முன்னால் போய் நிற்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

பத்தொன்பது வயதிலிருந்து அந்த வண்டியை இழுத்தது ஷெல்பி. ஓரினின் ஒரே மகள், எம்மெட்டின் மனைவி. சென்ற வருடம் பிப்ரவரியில் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் இறந்துபோனாள். அந்தக் கோடையில் ஓரின் கூலிக்கு ஒரு டிரைவரை வைத்தார். அவன் வண்டியை இடித்து ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரையைப் பெயர்த்தான். இந்த வருடம் அவர் எம்மெட்டைக் கூப்பிட்டார். அவன் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன், கோடை முழுக்க விடுமுறை. வீட்டு ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார். ஷெல்பி போன பிறகும் தன்னை வீட்டு ஆள் என்று ஒருவர் சொல்வார் என எம்மெட் எதிர்பார்த்திருக்கவில்லை. அதனால்தான் சரி என்றான்.

ஹிட்சை அவன் அக்டோபரில் விற்றிருந்தான். ஏன் என்று கேட்டால் சொல்ல நல்ல காரணம் எதுவும் அவனிடம் இல்லை. பணமுடை கிடையாது. மளிகைப் பைகள் அந்த இரும்பில் இடித்துக் கிழிந்தன. ஒரு நாள் பால் கொட்டியது. அன்றைக்கே படம் எடுத்து இணையத்தில் போட்டான். மறுநாள், சனிக்கிழமை, ஒரு நீல பிக்கப் வந்தது. அடிச்சட்டங்களையும் சேர்த்து வேண்டும் என்று வந்தவர் கேட்டார். ஹிட்ச் உட்காரும் இரண்டு இரும்புச் சட்டங்கள், தொட்டியின் தரை வழியாக எட்டு போல்ட்டுகளால் சேஸிஸோடு பிடித்தவை. இருவருமாகக் கழற்றினார்கள். இரண்டு போல்ட்டு துருவேறி அசையவில்லை, கிரைண்டர் போட்டு அறுத்தார்கள். வந்தவரின் இரண்டு சின்னப் பெண்கள் நட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் பொறுக்கிப் போட்டார்கள். அவர்கள் போனதும் எம்மெட் ரப்பர் குழாயால் தொட்டியைக் கழுவினான். அன்று நன்றாகத் தூங்கினான். பிறகு அவனை உறுத்தியது அந்தத் தூக்கம்தான்.

ஏனென்றால் அந்த ஹிட்சில் ஒரு கைப்பிடி இருந்தது. ஷெல்பி ஐந்தடிகூட இல்லை. தொட்டியின் பக்கச் சுவருக்கு மேலாகக் கை நீட்டினால் ஹிட்சின் தாடையைத் திறக்கும் நெம்புகோல் அவளுக்கு எட்டாது. ஓரின் ஒரு குழாயை வளைத்து, நுனியில் பழைய டிராக்டர் கியரின் வெள்ளைக் குமிழைத் திருகி, அவளுக்கென்றே செய்து மாட்டியிருந்தார். எம்மெட் அதையும் சேர்த்துத்தான் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் தூரத்து நகரத்துக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தான். ஹிட்ச் இருக்கிறது, மாட்டித்தர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கடைசியில் உள்ளூரிலேயே, நெடுஞ்சாலையோரம் இருக்கும் வெண்டலின் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. போகக் கூடாது என்று நினைத்த ஒரே கடை அதுதான். வெண்டலும் ஓரினும் நாற்பது வருடச் சினேகிதர்கள்.

பழைய பிக்கப்புக்கு ஒரு ஹிட்ச் வேண்டும் என்றான் எம்மெட். மாடல், சுமக்கும் எடை, நிறம் எல்லாம் சொன்னான். பழையதைப் போலவே ஒன்றை மாட்டிவிட்டால் ஓரினுக்குத் தெரியாமல் போய்விடும் என்பது அவன் கணக்கு. அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது என்று வெண்டல் சிரித்தார். பிறகு காபி ஊற்றிக் கொடுத்து, எம்மெட் கேட்காததையெல்லாம் விளக்க ஆரம்பித்தார். இது கட்டைத் தொட்டி, ஆறரை அடிதான். நீளத் தொட்டியாக இருந்தால் அசையாத ஹிட்ச் போதும். கட்டைத் தொட்டியில் அதைப் போட்டு முட்டுச்சந்தில் திருப்பினால் சமையல் வண்டியின் மூக்கு டிரைவர் தலைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். நகரும் ஹிட்ச் வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று தானாக நகரும், விலை இரட்டிப்பு. இன்னொன்றுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி வந்து நெம்புகோலை இழுக்க வேண்டும்.

"நீ இறங்கி இழுக்கிற ஆளா, இல்ல மறந்துட்டுத் திருப்புற ஆளா?" என்று கேட்டார் வெண்டல்.

"இழுப்பேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வானுங்க. பின்கண்ணாடி விக்கிறதுல பாதி லாபம் எனக்கு அவனுங்களாலதான்."

எடையிலும் அவர் கறாராக இருந்தார். சமையல் வண்டி பதினோராயிரம் பவுண்டு. அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் பிக்கப்பின் முதுகில் இறங்கும். பதினாறாயிரம் தாங்கும் ஹிட்ச் போதும். இருபதாயிரம் தாங்குவதை வாங்கினால் ஹிட்ச் தாங்கும், இருபத்திரண்டு வயசு பிக்கப் தாங்காது. பெரிய ஹிட்ச் வாங்கினால் வண்டிக்குப் பலம் வந்துவிட்டதாக நினைப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்றார். எம்மெட் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

"சரி, ஹிட்ச் ஆச்சு. சட்டம்தான் தலைவலி. வா, வண்டியப் பாப்போம்."

வெளியே வந்து பின்கதவை இறக்கிவிட்டுத் தொட்டிக்குள் ஏறினார். முட்டி போட்டு, தரையைக் கையால் தடவினார். எட்டுத் துளைகள், அவற்றைச் சுற்றிச் சட்டம் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது.

"இது ஓரின் போட்ட ஓட்டை. டிரில் மிஷின் என்னோடது. அந்த ஹிட்ச் எங்க?"

எம்மெட் வாயைத் திறந்தான். வெண்டலின் விரல் இரண்டு துளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிரைண்டர் சக்கரம் உரசிய தடம் அங்கே கருத்துக் கிடந்தது.

"அறுத்து எடுத்துட்டுப் போயிருக்கானுங்க," என்றார் வெண்டல் மெதுவாக. "எப்ப?"

"அக்டோபர்ல."

அது உண்மைதான். அவன் சொன்னது அந்த ஒரு சொல், அதோடு ஒரு தலையாட்டல். ஷெரீஃபிடம் புகார் கொடுத்தாயா என்றார் வெண்டல், இல்லை என்றான். அதுவும் உண்மை. வெண்டல் தொட்டியிலிருந்து இறங்கி அவன் தோளில் கை வைத்தார். அந்தச் சமயத்தில் உனக்கு ஹிட்சா முக்கியம், யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள் என்றார். மாட்டித்தரும் கூலி வேண்டாம் என்றார், ஷெல்பிக்காக. இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்றான் எம்மெட். வெண்டல் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். காபிக் கோப்பையை மேசையில் வைக்கும்போது சொல்லியிருக்கலாம். சட்டங்களைப் பற்றிப் பேசிய அரை மணி நேரத்தில் எந்த இடத்திலும் சொல்லியிருக்கலாம். புதுச் சட்டங்களின் துளைகள் பழைய துளைகளுக்கு ஒரு அங்குலம் தள்ளி விழுந்தன. அவ்வளவு நெருக்கமாக மறுபடி துளைத்தால், துரு தின்ற தகடு பிஸ்கட் மாதிரி உடையும். ஓரினாக இருந்தால் சட்டத்தை சேஸிஸோடு வெல்டிங் வைத்துவிடுவார், ஆனால் சூடு பட்ட சேஸிஸ் அந்த இடத்திலேயே விரிசல் விடும் என்றார் வெண்டல். அந்த வருடத்து பிக்கப்புக்கென்றே வார்த்த தாங்கிகள் கிடைக்கின்றன. சேஸிஸின் பக்கவாட்டில் கம்பெனிக்காரனே விட்டிருக்கும் துளைகளில் அவை பூட்டிக்கொள்ளும். விலை கூட. வியாழக்கிழமைக்குள் வரவழைத்துவிடலாம். பழைய எட்டுத் துளைகளையும் ரப்பர் வைத்து அடைத்துவிடலாம்.

"ஓரின் பாத்தா வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டான் எம்மெட்.

"தெரியாம எப்படி? நீ கவலைப்படாத. நான் சொல்லிக்கிறேன் அவன்கிட்ட."

வெண்டல் சொன்னார். ஓரினிடம் மட்டுமல்ல. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, கோபம் வந்தால் அவர் கை தானாகப் போனுக்குப் போகும். வளைந்த குழாய், வெள்ளைக் குமிழ், எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே ஓரின் கூப்பிட்டார். எம்மெட் திட்டு விழும் என்று காத்திருந்தான்.  ஓரினோ, அந்த அக்டோபர் முழுக்கத் தான் அவனை ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை என்றார். வந்திருந்தால் தொட்டி காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டிருக்கும்.

"என் தப்பு. உன்னைத் தனியா விட்டுட்டேன்."

இல்லை என்று எம்மெட் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இன்னும் நான்கு வார்த்தைகள் வர வேண்டியிருந்தது. வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பிக்கப் வெண்டலின் கடையில் ஜாக்கி மேல் நின்றது. தாங்கிகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. ஹிட்சின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு இரண்டு அங்குலம் முன்னால் விழுந்தது, அப்படித்தான் விழ வேண்டும். வெண்டல் அடியில் படுத்து முறுக்கிக்கொண்டிருந்தார், எம்மெட் மேலே போல்ட் தலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது ஓரின் வந்தார். புது ஹிட்சைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆள் கிடைச்சுட்டான்," என்றார்.

பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு மாட்டுப் பட்டி. அங்கே வேலை பார்க்கிற ஒருவனின் நீல பிக்கப்பில் அந்தக் கைப்பிடி இருக்கிறதாம். தானியக் கிடங்குக்கு லாரி கொண்டுவந்தவன் பார்த்திருக்கிறான். ஷெரீஃபிடம் போவதற்கு முன்னால் தானே ஒரு முறை பார்த்துவிடுவதாக ஓரின் சொன்னார்.

"பாத்து," என்றார் வெண்டல் அடியிலிருந்தே. "கை நீட்டிராத. உன் இடுப்பு தாங்காது."

"நான் ஏன் கை நீட்டறேன். எதுக்குடா எடுத்தேன்னு கேக்கணும், அவ்வளவுதான். எம்மெட், ஏறு."

எம்மெட் ஏறினான். வழியில் ஓரின் கேள்விப்பட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தார். பேர் ஆக்டாவியோவாம். இரண்டு வருடமாக அங்கே இருக்கிறான். பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டு. பட்டியில் விசாரித்தால் நல்ல மாதிரியாகத்தான் சொல்கிறார்கள், இந்தக் காலத்தில் யாரை நம்புவது. ரயில்வே கேட்டில் நிலக்கரி வண்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நூறு பெட்டிக்கு மேல் இருக்கும். எம்மெட் பெட்டிகளை எண்ணினான். நாற்பதாவது பெட்டியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். நாற்பது போயிற்று. எழுபது என்று மாற்றிக்கொண்டான். கேட் திறந்தது.

பட்டியின் அலுவலகத்துக்கு முன்னால் நீல பிக்கப் நின்றது. ஓரின் நேராக அதனிடம் போய், பக்கச் சுவருக்கு மேலாகக் கை நீட்டி வெள்ளைக் குமிழைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். ஃபோர்மேன் வெளியே வந்து என்ன சங்கதி என்று கேட்டார். ஓரின் சொன்னார். ஃபோர்மேன் கையிலிருந்த வாக்கி டாக்கியில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

குதிரைக் கொட்டடிப் பக்கமிருந்து ஆக்டாவியோ கையுறைகளைக் கழற்றிக்கொண்டே வந்தார். எம்மெட்டைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"வாங்க சார். பிக்கப் எப்படி ஓடுது?"

ஓரின் திரும்பி எம்மெட்டைப் பார்த்தார். ஆக்டாவியோ ஓரினின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார், ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அது போன வேகத்தைப் பார்த்தால் இப்படி ஒரு நிலையில் அவர் நிற்பது முதல் முறை இல்லை என்று தெரிந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பையிலிருந்து போனை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளத் தொடங்கினார்.

"மெசேஜ் எல்லாம் வெச்சிருக்கேன். எதையும் அழிக்கல. அக்டோபர்தானே... இருங்க, காட்டறேன்."

"வேணாம்," என்றான் எம்மெட். "திருட்டுப் போகல. நான்தான் இவருக்கு வித்தேன். நானே கழட்டிக் குடுத்தேன்."

 பட்டிக்குள் மாடுகள் தீவனத் தொட்டியை முட்டிக்கொண்டிருந்தன. ஃபோர்மேன் தரையைப் பார்த்துவிட்டு, அப்படியானால் தனக்கு வேலை இருக்கிறது என்று திரும்பினார்.

"நில்லுங்க பாஸ்," என்றார் ஆக்டாவியோ. "என்னைக் கூப்பிடறப்ப நின்னீங்கள்ல. இதையும் நின்னு கேட்டுட்டுப் போங்க." பிறகு எம்மெட்டிடம், "திருட்டுப் போச்சுன்னு எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்தர்கிட்ட. அவரா கேட்டாரு, நான் தலைய ஆட்டிட்டேன்."

"அவரு எத்தனை பேர்கிட்ட சொன்னாரு?"

"தெரியல."

"என் பெரியவ அடுத்த வருஷம் உங்க ஸ்கூலுக்குத்தான் வரா. அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல நட்டு பொறுக்கினாளே, அவதான்."

எம்மெட் மன்னிப்புக் கேட்டான். ஆக்டாவியோ அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. போனைப் பைக்குள் போட்டார்.

ஓரின் தொப்பியைக் கழற்றினார். "தப்பான ஆளைத் தேடி வந்துட்டேன். மன்னிச்சுக்கங்க," என்றார்.

கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தால் ஹிட்சை எடுத்துக்கொள்ளலாம், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் ஆக்டாவியோ. ஓரின் குமிழிலிருந்து கையை எடுத்தார். எடுக்க நேரம் ஆயிற்று.

"அது உங்களோடது," என்றார்.

திரும்பும்போது கேட் திறந்தே இருந்தது. அதைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் ஓரின் பேசினார்.

"கைப்பிடியையும் சேத்தா குடுத்த?"

"ஆமா."

"அது வெல்டிங் இல்ல. ரெண்டே போல்ட்டு. தனியா கழட்டி வெச்சிருக்கலாம்."

எம்மெட்டுக்கு அது தெரியாது. அதை ஒரு முறைகூட அவன் குனிந்து பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்வது இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. 

வெண்டலின் கடை வாசலில் ஓரின் எஞ்சினை நிறுத்தவில்லை. எம்மெட் இறங்கினான். ஓரின் போய்விட்டார்.

எம்மெட் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை வெண்டல் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஷெல்பி செத்துப்போனதால் உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்காததை நீ வசதியாக வைத்துக்கொண்டாய் என்றார். சத்தம் போடவில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நினைவிலிருந்து பேர்களை எழுதினார். பதினாறு பேர். பக்கத்தில் போன் நம்பர்.

"நான் பேசினது இவ்வளவு பேர்கிட்ட. இப்ப நீ பேசு. கூலியும் பில்லுல போட்டுடறேன்."

சனிக்கிழமை முழுக்க எம்மெட் பேசினான். சமையலறை மேசையில் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராக. முதல் ஆளிடம் மூன்று நிமிடம் சுற்றி வளைத்தான். ஐந்தாவது ஆளுக்குள் வாக்கியம் சுருங்கிவிட்டது: அந்த ஹிட்ச் திருட்டுப் போகவில்லை, நான் விற்றேன், வெண்டலிடம் பொய் சொன்னேன், வாங்கியவர் பேரில் ஒரு தப்பும் இல்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் யார் ஆக்டாவியோ என்று கேட்டார். தேவாலயத்துப் பெண்மணி ஒருவர், தான் இன்னும் ஆறு பேரிடம் சொல்லிவிட்டதாகவும், அந்த ஆறு பேரிடமும் தானே பேசிக்கொள்வதாகவும், உன் மனைவியை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்றும் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று எம்மெட்டுக்குத் தெரியும்.

தானியக் கிடங்கு மேலாளரிடம்தான் சிக்கல். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருந்தாலும் அந்தப் பட்டி ஆட்கள் பேரில் ஒரு கண் வைத்திருப்பது நல்லதுதான் என்றார். எம்மெட் முதலிலிருந்து சொன்னான். காசு கொடுத்து வாங்கினார் என்றான். பேரம்கூடப் பேசவில்லை என்றான்.

"சரி, சரி. நீ சொன்னா சரி," என்றார் மேலாளர்.

அவர் மனதிலிருந்து அது போகவில்லை. எம்மெட்டால் அதை எடுக்கவும் முடியவில்லை. தாளில் அந்தப் பேருக்கு நேரே அவன் குறி போடவில்லை.

ஓரின் இன்னும் தன்னை அழைத்துப் போவாரா என்று கேட்கும் துணிவு அவனுக்கு வரவில்லை. சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது. "ஆறு மணி." அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஓரினின் களத்தில் அறுவடை இயந்திரங்கள் லாரிகள் மேல் ஏறி நின்றன. ஆட்கள் காபியோடு நின்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யூடா மாநிலத்திலிருந்து வருகிற கெண்ட்ரிக் என்பவன் பிக்கப்பைச் சுற்றி வந்தான். மூன்றாவது வருடமாக ஓரினோடு இருப்பவன், வாய் ஜாஸ்தி.

"வண்டியாவது இருக்கே. டெக்சஸ் போய்ச் சேர்றதுக்குள்ள இதையும் வித்துடாத. நாங்க சாப்பிடணும்."

சிரித்தார்கள். ஓரின் சிரிக்கவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

எம்மெட் பிக்கப்பை ரிவர்ஸில் கொண்டுவந்தான். முதல் தடவை கோணலாகப் போயிற்று, மறுபடி எடுத்தான். இரண்டாவது தடவை சமையல் வண்டியின் கழுத்தடியில் இருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை தாடைக்குள் போய் விழுந்து, தாடை மூடிய சத்தம் கேட்டது. இறங்கினான். பூட்டு ஊசியைச் செருகினான். மின் ஒயரைச் சொருகினான், வண்டி கழன்றுகொண்டால் தானே பிரேக் போடும் அறுகயிற்றை மாட்டினான். பின்கதவை ஏற்றினான். புது நெம்புகோல் கைக்குத் தாராளமாக எட்டியது. அவன் ஆறடி.

அறுவடைக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. இழுக்கிறவன் தான் மாட்டியதைத் தானே பார்ப்பான். அடுத்தவன் மாட்டியதை யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாக அர்த்தம். அதற்காக வேலையை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஷெல்பி பத்தொன்பது வயதில் முதல் முறை மாட்டியபோதுகூட ஓரின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். பயத்தில் தான் நாலு தடவை பார்த்ததாகவும் சொல்வாள்.

ஓரின் காபிக் கோப்பையை லாரிப் படியில் வைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். எம்மெட் இப்போதுதான் ஏற்றிய பின்கதவை இறக்கினார். தொட்டிக்குள் ஏறி முட்டி போட்டு, தாடையின் அடியில் வெளிச்சம் அடித்தார். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். பூட்டு ஊசியை இழுத்துப் பார்த்தார். அடிச்சட்டத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கெண்ட்ரிக்கூட வானத்தைப் பார்த்தான்.

"பிரேக்கைப் பிடிச்சு இழு," என்றார் ஓரின்.

எம்மெட் ஏறி, சமையல் வண்டியின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை முன்னால் நகர்த்தினான். பிக்கப் திணறி நின்றது. பிடி விடவில்லை. ஓரின் மறுபடி ஏறி, மறுபடி முட்டி போட்டுப் பார்த்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கை கொடுக்கலாமா என்று எம்மெட் யோசித்து, கொடுக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்றார் ஜன்னல் பக்கம் வந்து. "டீசல் போட நிக்கிற எடத்துல எல்லாம் பாப்பேன்."

"சரி."

"எத்தனை நாளைக்குன்னு கேக்காத. எனக்கே தெரியாது."

"கேக்கல."

லாரிகள் ஒவ்வொன்றாகச் சாலையில் ஏறின. எம்மெட் கடைசியில் போனான். கண்ணாடியில் சமையல் வண்டியின் வெள்ளை மூக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. காலியான வயல்கள், தண்ணீர்த் தொட்டிகள், ஒன்றிரண்டு ஊர்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

நூற்று நாற்பது மைல் தாண்டி டீசல் போட நின்றார்கள். ஓரின் முன்னால் இருந்த லாரியிலிருந்து இறங்கி, கால்களை உதறிவிட்டு நடந்து வருவது தெரிந்தது. எம்மெட் இறங்கிப் பின்கதவை இறக்கி வைத்தான். கெண்ட்ரிக் பெட்ரோல் நிலையத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் வந்து சேரும்வரை எம்மெட் தன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். பிறகு அதை அவரிடம் நீட்டினான்.

ஓரின் வாங்கிக்கொண்டு ஏறினார்.